சுத்தியலுக்கு அடியில் ஒரு கல்

மலை இடிந்து பாதையில் விழுந்தபோது சூப்பிரண்டு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கட்டடம் குலுங்கியது, கண்ணாடி ஆடியது, கத்தி மட்டும் பிசகவில்லை. சிறைச்சாலைக் கலவரங்களுக்கு நடுவே சவரம் செய்து பழகிய கை அது. மீதித் தாடையையும் மழித்து, முகத்தைத் துடைத்து, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் அறையை விட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் கார் ஓட்டி வந்த லக்கேஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஐயா, ரோடு போச்சு!"

"எங்க போச்சு?"

"ஆத்துக்குள்ள போச்சு. நம்ம காரு இந்தப் பக்கம், ஊரு அந்தப் பக்கம். நடுவுல ஒரு மலை வந்து உக்காந்திருக்கு. எழுந்து போற உத்தேசம் இருக்கற மாதிரி தெரியல."

"போலீஸ்?"

"அவங்களும் அந்தப் பக்கம்தான். கடவுள் நல்லவருங்கய்யா."

சூப்பிரண்டு ஒரு முறை முறைத்தார். லக்கேஜ் வாயை மூடிக்கொண்டான். அதிக நேரம் மூடியிருக்கக்கூடிய வாய் அல்ல அது.

கடல் தாண்டிய நாடு. பள்ளத்தாக்கின் கடைக்கோடியில், பாதை முடிகிற இடத்தில், இரண்டு மாடிக் கல் கட்டடம். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் இரைகிற ஆறு. கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து தங்கி, மலைமலையாக ஏறி நிலவியல் படிக்கிற முகாம் அது. புத்தகத்தில் படித்த பாறையை இங்கே சுத்தியலால் தட்டிப் பார்த்து, எது மூத்தது, எது இளையது என்று வரைபடம் போட வேண்டும். சூப்பிரண்டின் தம்பி மகள் அதற்குத்தான் வந்திருந்தாள். தம்பி போன பிறகு அவர் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர்.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது திருடி என்று பெயர்.

முகாமின் உணவுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கல் உண்டு. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் ஊர்ந்த ஒரு பூச்சி, கால்கள் மடங்கியபடியே கல்லாகிப் போனது. வருகிறவர்கள் எல்லாரும் அதோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். போன வாரம் ஒரு காலையில் பெட்டி காலியாக இருந்தது. தேடினார்கள். பாப்பாவின் தோள்பையிலிருந்து கல் வந்தது. "நான்தான் எடுத்தேன்" என்றாள். ஏன் என்றதற்குப் பதில் இல்லை. அன்றைக்கு மாடியறைக்குள் போனவள், தட்டு வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுவதோடு சரி.

செய்தி வீட்டுக்கு எட்டியபோது சூப்பிரண்டின் பயணப்பெட்டி ஏற்கெனவே பாதி கட்டப்பட்டிருந்தது. பாப்பாவுக்கு ஒரு நல்ல இடத்தில் கல்யாணம் பேசி முடித்து, அவளை அழைத்து வருவதற்காக அவரே புறப்பட இருந்தார். இப்போது கிடைத்த முதல் விமானத்தில் ஏறினார். அவர் குடும்பத்தில் அடுத்தவர் தோட்டத்தில் உதிர்ந்த பூவைக்கூட யாரும் குனிந்து எடுத்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் கொடுத்த மோர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட வீட்டின் வாசலில் இப்படி ஒரு சொல் வந்து விழுவதா?

நேற்று மாலை அவர் வந்து இறங்கியதும் பேராசிரியர் கையைப் பிசைந்தார். ஒல்லியான மனிதர், நல்லவர், பயந்தவர். "குடும்பத்தைக் கேக்காம போலீசுக்குப் போக வேண்டாம்னுதான் காத்திருந்தேன் ஐயா. அமைதியா முடிச்சுக்கலாமே."

அமைதியாக முடித்துக்கொள்வதாவது! மூடி மறைக்கிறவன் அல்லவா அமைதியைத் தேடுவான்? "கூப்பிடுங்க போலீசை. எங்க வீட்டுப் பொண்ணு மடியில கனமில்ல" என்று சூப்பிரண்டே சொன்னார். பேராசிரியர் கூப்பிட்டார். காலையில் வருகிறோம் என்றார்கள். காலையில் மலை வந்தது.

இப்போது கைப்பேசியில் உயிர் இல்லை. வெளியே போக வழி இல்லை. இடிபாட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் மண்ணை வாரத் தொடங்கியிருந்தது. அது உறுமுகிற சத்தம் பாறையில் மோதி, நான்கு பக்கமும் கேட்டது. அது இந்தப் பக்கம் வந்து சேருகிற நேரத்தில் போலீசும் வந்து சேரும். வேலை பார்த்த காலமெல்லாம் பூட்டின் வெளிப்பக்கமே நின்றவர் அவர். உள்பக்கம் எப்படி இருக்கும் என்று அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்துகொண்டார்.

*

உணவுக்கூடத்தில் ஸ்குவாடு மேடம் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக் கூடங்களில் காப்பியடிப்பவர்களைப் பிடிக்கிற பறக்கும் படையில் இருந்து ஓய்வு பெற்றவள். சூப்பிரண்டின் சிறையில் கைதிகள் பரீட்சை எழுதியபோது சோதனைக்கு வந்து பழக்கம். இப்போது மகளோடு இந்த நாட்டிலேயே குடியேறி, போரடித்துப் போய், நம்மவர் வீடுகளில் தொலைந்த நகை, ஓடிப்போன மாப்பிள்ளை, மொட்டைக் கடிதம் என்று துப்புத் துலக்கிக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் ஆளையும் பெட்டியையும் ஏற்றி இறக்கும் தொழிலில் இருந்த லக்கேஜ், அவளுக்குச் சாரதி, உதவியாளன், தலைவலி மூன்றும். சூப்பிரண்டு கேட்டுக்கொண்டதால் நேற்று இருவரும் அவரோடு இங்கே வந்திருந்தார்கள்.

"மேடம், ரொட்டி சாப்பிடுற நேரமா இது?" என்றார் சூப்பிரண்டு.

"மாட்டிக்கிட்டா முதல்ல சாப்பிடணும். உங்க ஜெயில்ல எல்லாரும் அதைத்தானே செஞ்சாங்க?" என்றவள், பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "கல் எங்க இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டீங்க. எப்படி இருந்துச்சுன்னு யாரும் சொல்லலை."

"எப்படின்னா?"

"காப்பியடிக்கிறவன் பிட்டை எங்க வெச்சிருக்கான்னு நான் தேடினதே இல்ல. எப்படி மடிச்சிருக்கான்னு பார்ப்பேன். சொந்தமா எழுதினவன் ஒழுங்கா மடிப்பான். அடுத்தவன் கிட்ட வாங்கினவன் கசக்கி வெச்சிருப்பான். பையைக் கொண்டாங்க."

பேராசிரியர் பூச்சிக்கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை அப்படியே பூட்டி வைத்திருந்தார். கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைக்கும்போதே மேசை முனகியது.

"ஊரையே பேர்த்து எடுத்துக்கிட்டு வந்திருக்கு பொண்ணு" என்றான் லக்கேஜ்.

ஸ்குவாடு மேடம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முதலில் சுத்தியல். தண்ணீர்க் குப்பி. அதற்குக் கீழே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு, மூலைகளை உள்ளே செருகி, மேலே எண் எழுதி, நூல் கட்டி. ஒன்றைப் பிரித்தாள். உள்ளே ஒரு சாதாரணக் கருங்கல் துண்டு.

"இது என்ன விலை போகும்?"

"விலையா? வெளியில காலால எத்துற கல்தான். ஆனா ஆராய்ச்சிக்கு மாதிரி எடுக்கும்போது இப்படித்தான் சுத்தணும். ஒன்னோட ஒன்னு உரசிடக் கூடாது. முதல் நாளே சொல்லிக்கொடுக்கறது" என்றார் பேராசிரியர்.

"பூச்சிக்கல் எதுல சுத்தியிருந்துச்சு?"

"எதுலயும் இல்ல. ஒரு பழைய காலுறைக்குள்ள."

"எங்க?"

பேராசிரியர் யோசித்தார். "சுத்தியலை எடுத்தேன்... அதுக்கு அடியில."

ஸ்குவாடு மேடம் ரொட்டித் துண்டைக் கீழே வைத்தாள். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள் என்றால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று லக்கேஜுக்குத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தெருவுல கிடந்த கல்லுக்குப் பட்டுப் போர்வை. கோடி வருஷத்துப் பூச்சிக்கு அழுக்குக் காலுறை, தலை மேல இரும்புச் சுத்தியல். இந்தப் படிப்பு படிச்ச பொண்ணு, திருடறதுக்காகவே எடுத்த பொருளை அப்படி வைப்பாளா?"

"எங்க வீட்ல தக்காளியக்கூட உருளைக்கிழங்குக்கு அடியில வெக்க மாட்டாங்க மேடம். ஒரு தடவை நான் வெச்சேன். இன்னி வரைக்கும் பொண்டாட்டி சொல்லிக் காட்டறா" என்றான் லக்கேஜ்.

"அவசரத்துல வெச்சிருப்பா" என்றார் சூப்பிரண்டு. சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே அவளைத் திருடி ஆக்கிவிட்டது உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அவசரத்துல கை பழக்கத்தைத்தான் செய்யும். நீங்க மலை இடியும்போது சவரத்தை விடலையே?"

*

கண்ணாடிப் பெட்டி சுவரோரம் இருந்தது. சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. உள்ளே பூச்சிக்கல், ஒன்றுமே நடக்காததுபோல் படுத்திருந்தது.

"நீங்க இதைக் கையில எடுத்துப் பாத்தீங்களா?"

"ஐயய்யோ! கைக்குட்டையால பிடிச்சு அப்படியே உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். கைரேகை கலைஞ்சிடக் கூடாதுல்ல?" பேராசிரியர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "அதோட நான் எரிமலைப் பாறைக்காரன். பூச்சி, புழு எல்லாம் வேற ஆளுங்க துறை."

ஸ்குவாடு மேடம் பெட்டியைத் திறந்து, வெறுங்கையால் கல்லைத் தூக்கினாள். பேராசிரியர் தேள் கொட்டியவர்போல் துள்ளினார். அவள் கல்லை மல்லாத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

அடிப்பக்கம் முழுக்கக் கீறல்கள். சின்னச் சின்னதாக, பிறை வடிவில், ஒன்றன் பக்கத்தில் ஒன்று. சில பழுத்துப் போனவை, சில புதியவை.

சூப்பிரண்டு கிட்டே வந்து குனிந்தார். இதை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு சிறையிலும், ஒவ்வொரு கொட்டடிச் சுவரிலும், படுக்கை உயரத்தில். வெள்ளையடித்தாலும் திரும்ப முளைக்கும். இருந்துவிட்டுப் போனவர்கள் போட்டுவிட்டுப் போகிற கோடு.

"நகம்" என்றார், அவரை அறியாமல்.

"அதேதான். புரொபசர் சார், கல்லு கெட்டியா இருக்கா, மெத்துன்னு இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க? முதல் பாடம் என்ன?"

"நகத்தால கீறிப் பாக்கணும். அப்புறம் கத்தி முனை, அப்புறம்..."

"இது என்ன கல்லு?"

"சுண்ணாம்புப் பாறை."

"சுண்ணாம்புப் பாறையில நகம் ஏறுமா?"

"ஏறாது. நகம்தான் தேயும்..." பேராசிரியர் பாதியில் நின்றார். கையை நீட்டிக் கல்லை வாங்கினார். கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தார். சாம்பல் பூச்சு உரிந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, லக்கேஜ் நாற்காலியை அவருக்கு அடியில் தள்ளினான்.

"மாவுக்கட்டு" என்றார் பேராசிரியர் ஈனக்குரலில். "எலும்பு முறிஞ்சா போடுவாங்களே, அந்த மாவு. அச்சுல வார்த்து வர்ணம் அடிச்சிருக்கு."

"அசல் ஏதாவது பெரிய அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கும். பின்னே? ஆணியில சாவி தொங்கற பெட்டியிலயா வெப்பாங்க?" என்றவள் திரும்பினாள். கூடத்தின் மறுகோடியில் மாணவர்கள் கும்பலாக நின்றார்கள். "எல்லாரும் கையைக் காட்டுங்க, நகத்தைப் பாக்கணும்."

ஒருவர் விடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"ஆஹா! மொத்த ஹாலும் மால்பிராக்டிஸ்" என்றான் லக்கேஜ்.

பாப்பாவின் அறைத்தோழி ஓரடி முன்னால் வந்தாள். அழுது சிவந்த கண். "முதல் வாரமே எல்லாருக்கும் தெரியும் மேடம். வர்ற ஒவ்வொரு பேட்சும் அவங்கவங்க கீறலைப் போட்டுட்டுப் போவாங்க. சார்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுங்கறது இங்க வழக்கம்."

"ஏன் சொல்லக் கூடாது?" பேராசிரியர் நிமிர்ந்தார்.

"நீங்க அதைக் காட்டிக் கண்ணு கலங்கப் பேசுவீங்க சார். மனசு வரலை."

பேராசிரியர் கண் இப்போதும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

"அவளைத் திருடின்னு சொன்னப்போ ஏம்மா வாயைத் திறக்கல?" சூப்பிரண்டின் குரல் கூடத்தை நிரப்பியது.

"அவதான் எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினா பெரியப்பா. போலீஸ் கேட்டாலும் சொல்லாதீங்கன்னா."

அந்தப் பதிலின் பின்பாதி அவர் காதில் ஏறவே இல்லை. மாவுக்கட்டி! காசு பெறாத மாவுக்கட்டி! திருட்டும் இல்லை, திருடியும் இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த மலை புரண்டு விழுந்ததுபோல் இருந்தது. கல்லைப் பேராசிரியர் கையிலிருந்து பறித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அந்த வயதில் அந்த வேகம் கூடாது. மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள்.

*

"வாங்க, வந்து பூட்டைத் திறங்க!" பாப்பாவின் அறைக்கதவின் முன்னால் நின்ற சூப்பிரண்டுக்கு மூச்சு வாங்கியது. "குத்தம் செய்யாத பிள்ளையை இத்தனை நாள் பூட்டி வெச்சதுக்கு நீங்க பதில் சொல்லணும்!"

பேராசிரியர் திருதிருவென்று விழித்தார். "பூட்டா? நான் பூட்டலையே ஐயா."

சூப்பிரண்டு கதவைப் பார்த்தார். மேலே, கீழே, நிலைச்சட்டம், கைப்பிடி. பூட்டு இல்லை. நாதாங்கி இல்லை. சாவித்துளைகூட இல்லை. நேற்று மாலை வந்ததும் இந்தக் கதவின் முன்னால்தான் நின்று "பயப்படாதே பாப்பா, பெரியப்பா வந்துட்டேன்" என்று சொன்னார். இருபது சிறைகளின் கதவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர், பூட்டே இல்லாத கதவைப் பூட்டியது என்று நினைத்துவிட்டார். மூடிய கதவென்றால் வெளியே இருந்து யாரோ மூடியது என்பதே அவர் பழக்கம்.

"தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தாங்க" என்றார் பேராசிரியர் மெதுவாக. "அவளே போட்டுக்கிட்டா."

தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு ஸ்டூல் கிடந்தது. ஸ்குவாடு மேடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்கு இங்க?"

"போன் பேசத்தான்" என்றாள் அறைத்தோழி. "இந்தக் கட்டடத்துலயே இந்த ஸ்டூல் மேல ஏறி நின்னா மட்டும்தான் சிக்னல் வரும். இப்ப அதுவும் இல்ல."

"கல்லு காணாம போறதுக்கு முந்தின நாள் கடைசியா யார் இதுல ஏறினா?"

தோழி தயங்கிக் கதவைப் பார்த்தாள். "அவதான். ஊர்லேர்ந்து பெரியப்பா பேசினாங்க."

எல்லாரும் சூப்பிரண்டைப் பார்த்தார்கள்.

"ஆமா, பேசினேன். இடம் முடிவாயிடுச்சு, வாக்குக் குடுத்தாச்சு, படிச்சது போதும், வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அவ என்ன சொன்னா?"

"சரிங்க பெரியப்பான்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வெச்சுட்டேன்."

"ஐயா," ஸ்குவாடு மேடம் குரலைத் தாழ்த்தினாள், "திருட்டுப் பட்டம் வந்தா முதல்ல என்ன ஆகும்?"

"மானம் போகும்."

"அது உங்களுக்கு. அவளுக்கு?"

அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ராத்திரியெல்லாம் அதைத்தானே யோசித்தார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால்... "சம்பந்தம் முறிஞ்சிடும்" என்றவர், சொன்ன சொல்லைத் தானே கேட்டதுபோல் நின்றார்.

"கல்யாணமும் உடையும், கல்லு போலின்னு தெரிஞ்சதும் கேசும் உடையும். சேதமில்லாத திருட்டு. திட்டத்துல ஒரு இடத்துலதான் கோட்டை விட்டா. போலிக் கல்லுன்னு தெரிஞ்சதால அதைச் சுத்தணும்னு கைக்குத் தோணலை."

கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. பிறகு குரல் வந்தது. சளி பிடித்த குழந்தையின் குரல்போல் இருந்தது.

"கல்லு போலின்னு போலீஸ்கிட்ட சொல்லாதீங்க பெரியப்பா. உங்க கால்ல விழறேன்."

"பாப்பா, கதவைத் திற."

"திறந்தா கூட்டிட்டுப் போயிடுவீங்க."

"என்கிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்ப சொல்றது? நீங்க வெச்சுட்டீங்களே."

சூப்பிரண்டு கதவின் மேல் கையை வைத்தார். வீட்டில் அவரிடம் யாராவது எப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களா? தேடிப் பார்த்தார். தம்பிகூடச் சொன்னதில்லை.

"பொண்ணே, நான் பறக்கும் படை பேசறேன்" என்றாள் ஸ்குவாடு மேடம் கதவோடு ஒட்டி நின்று. "உன் திட்டம் பிரமாதம். ஒரு ஓட்டை இருக்கு. இது வெளிநாடு. கேசு உடையறதுக்கு முன்னாடி உன் விசா உடையும். நீயே ஒத்துக்கிட்டா முதல் விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க. திரும்ப இந்த மலைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க முடியாது."

உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இங்கயே மேல படிக்க இடம் குடுத்திருந்தாங்க ஐயா" என்றார் பேராசிரியர். "இந்த வருஷம் அவளுக்கு மட்டும்தான் கிடைச்சுது. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு உங்க போனுக்குக் காத்துக்கிட்டிருந்தா."

கீழே இயந்திரத்தின் உறுமல் மாறியது. பாறை உருண்டு ஆற்றில் விழுகிற சத்தம் கேட்டது. லக்கேஜ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "வழி விட்டுடுச்சு. ஜீப்பு ஒன்னு மூக்கை நீட்டுது. மேடம், நமக்கு நேரம் ரொம்பக் கம்மி."

உண்மையைச் சொன்னால் திருட்டுப் பட்டம் போகும், பிள்ளை வீடு வந்து சேருவாள், வாக்கும் நிற்கும். அவருக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கதவு? அதை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். உடைத்த கதவிலிருந்து வெளியே வருகிறவர்கள் எப்படி நடந்து வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

லக்கேஜின் கைக்குள் ஏதோ சிணுங்கியது. சூப்பிரண்டின் கைப்பேசி அவனிடம்தான் இருந்தது. காலையிலிருந்து அதை ஜன்னலுக்கு ஜன்னல் நீட்டிக்கொண்டு திரிந்தான்.

"உயிர் வந்துடுச்சு ஐயா! சம்பந்தின்னு போட்டு வரிசையா மெசேஜ் வருது. கடைசியா வந்தது... 'கேள்விப்பட்டது உண்மையா'ன்னு கேக்கறாரு."

"குடு இங்க."

அவர் ஸ்டூலைப் பார்த்தார். ஒரு கால் குட்டையான மர ஸ்டூல். பிறகு கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, அதன் மேல் ஏறினார். விறைப்பாக நின்றார். தலை கூரையில் இடித்தது. மாணவர்கள் எல்லாரும் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்பந்தி, நான்தான் பேசறேன்... ஆமா, வந்து சேர்ந்துட்டேன். நீங்க கேள்விப்பட்டது பொய். எங்க பொண்ணு ஒரு குண்டுமணிகூட எடுக்கல. யார் வந்து கேட்டாலும் நான் சொல்றேன்." மூச்சை இழுத்தார். "ஆனா இந்தக் கல்யாணம் நடக்காது... இல்ல, உங்க பையன் மேல ஒரு குறையும் இல்ல. அவளைக் கேக்காம வாக்குக் குடுத்தவன் நான். தவறுறவனும் நான்தான். நாலு பேர் கேட்டா, பெரிய மனுஷன் சொல் தவறிட்டான்னு தாராளமா சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க. பொண்ணு பேர் அதுல வரக் கூடாது."

எதிர்முனையில் என்னவெல்லாமோ சொன்னார்கள். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரு சொல்லுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவர்களாக முடிக்கும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவர் முதலில் வைக்கவில்லை.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உரசி விலகுகிற சத்தம். வேலைக்காலம் முழுக்க அவர் காலையில் கண் விழித்ததே தாழ்ப்பாள் சத்தத்தில்தான். உள்ளே இருப்பவர் தானாகத் திறக்கிற சத்தத்தை இப்போதுதான் கேட்கிறார்.

பாப்பா வெளியே வந்தாள். கலைந்த தலை, வீங்கிய கண். யாரையும் பார்க்காமல் நேரே வந்து, ஸ்டூலின் குட்டைக் கால் பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா இறங்குங்க பெரியப்பா. இது ஆடும்."

அவர் அவள் தோளில் கையை ஊன்றி இறங்கினார்.

கீழே ஜீப்பின் கதவு படாரென்று மூடியது. கனத்த காலடிகள் முற்றத்தைத் தாண்டி வந்தன. ஸ்குவாடு மேடம் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "ஒத்துக்கிட்ட பொண்ணை நம்பவா, நம்மளை நம்பவான்னு யோசிப்பாங்க. வாயால சொல்லி வேலைக்காகாது. அவங்க கண்ணு முன்னாடி கீறிக் காட்டணும். யாருக்கு நகம் நீளமா இருக்கு?"

லக்கேஜ் தன் விரல்களை ஆராய்ந்தான். "நான் டென்ஷன்ல எல்லாத்தையும் கடிச்சுத் துப்பிட்டேன் மேடம்."

பாப்பா கையை நீட்டினாள். சூப்பிரண்டு கல்லைக் கொடுக்கவில்லை. அதைத் திருப்பி, அடியில் இருந்த கோடுகளைப் பார்த்தார். இருந்துவிட்டுப் போனவர்களின் கோடுகள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"நான் போடறேன்" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கினார்.